இரண்டு மூன்று நாடுகள் சேர்ந்து உலகக் கோப்பை நடத்தினால் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

வியாசர்பாடி விங்கர்:

வணக்கம் நண்பர்களே. 2026 கால்பந்து உலகக் கோப்பையை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. 48 அணி, 104 ஆட்டம், 16 ஊர். எங்கள் வாட்ஸப் குழுவில் இதை வைத்து ஒரு வாரமாகச் சண்டை. மூன்று நாட்டுப் போலீஸ், மூன்று உளவுத்துறை இருப்பதால் பாதுகாப்பு மூன்று மடங்கு என்கிறார் ஒருவர். பொறுப்பை மூன்றாகப் பிரித்தால் ஏதாவது நடக்கும்போது ஆளுக்கு ஆள் கையைக் காட்டுவார்கள், அவ்வளவுதான் என்கிறார் இன்னொருவர். எனக்கு இரண்டாமவர் சொல்வதுதான் சரி என்று படுகிறது, ஆனால் அதற்கு எதையும் எடுத்துக் காட்டத் தெரியவில்லை.

நான் தெரிந்துகொள்ள நினைப்பது மூன்றுதான். "இங்கே ஆடலாம், இங்கே ஆடக் கூடாது" என்று கடைசியில் முடிவெடுப்பது யார்? சேர்ந்து நடத்தும் நாடுகளில் ஒன்றில் குண்டு வெடித்தால் மற்ற நாடுகளில் நடக்கும் ஆட்டங்கள் என்ன ஆகும்? பாதுகாப்பு இல்லை என்று ஒரு அணி வர மறுத்தால் அதன் நஷ்டம் யார் தலையில் விழும்? நடந்த சம்பவங்களை வைத்துச் சொல்லுங்கள். "எல்லாம் அரசியல்" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள், அது எங்கள் குழுவிலேயே நிறையக் கிடைக்கிறது.

---

கருப்பு வெள்ளை டிவி:

உங்கள் மூன்று கேள்விக்கும் ஒரே போட்டியில் பதில் இருக்கிறது, 1996 கிரிக்கெட் உலகக் கோப்பை. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை சேர்ந்து நடத்தியது. மூன்று வாரியங்களும் பில்காம் என்று ஒரு கூட்டுக் குழு வைத்திருந்தன. வரவு செலவு, விளம்பரம் எல்லாம் கூட்டாக நடந்தது, ஆனால் துப்பாக்கியும் போலீசும் அந்தந்த அரசின் கையில்தான். இப்போதும் இந்த ஏற்பாடு பெரிதாக மாறிவிடவில்லை.

பிப்ரவரி 14-ஆம் தேதி போட்டி தொடங்க வேண்டும். ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கியின் மீது விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய லாரியை மோத விட்டார்கள். சுமார் 90 பேர் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காயம்பட்டார்கள், நகரத்தின் வங்கிகளும் ஓட்டல்களும் இருக்கிற கோட்டைப் பகுதி சிதைந்து போனது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஆஸ்திரேலியா 17-ஆம் தேதி ஆட வேண்டும். அந்த அணிக்கு ஏற்கெனவே தயக்கம் இருந்தது. முந்தைய டிசம்பரில்தான் மெல்போர்னில் நடுவர் டேரல் ஹேர் இலங்கைப் பந்துவீச்சாளர் முரளிதரனுக்கு நோபால் கொடுத்து பெரிய ரகளை ஆகி, ஆஸ்திரேலிய வீரர்களுக்கு மிரட்டல்கள் வந்தன என்று செய்தி. அதன் மேல் இந்தக் குண்டும் சேர்ந்ததும் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வெஸ்ட் இண்டீஸும் அதே வழியில் போனது. நாட்டுத் தலைவர்களுக்குக் கொடுக்கும் அளவுக்குப் பாதுகாப்பு கொடுக்கிறோம் என்று இலங்கை எவ்வளவோ சொல்லிப் பார்த்தது, நடக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, பில்காமோ உலகக் கிரிக்கெட் அமைப்பான ஐசிசியோ யாரையும் இழுத்துக்கொண்டு போக முடியவில்லை. அவர்களால் முடிந்தது ஒன்றே ஒன்று, வராத அணி தோற்றதாக அறிவித்துப் புள்ளிகளை இலங்கைக்குக் கொடுப்பது. அதைச் செய்தார்கள். இலங்கையில் நடக்க வேண்டிய நான்கு ஆட்டங்களில் இரண்டுதான் நடந்தன. கொழும்புக்கு ஜிம்பாப்வே வந்தது, கண்டிக்குக் கென்யா வந்தது. பந்து போடாமலே இரண்டு ஆட்டத்தின் புள்ளிகள் கையில் வந்ததும் இலங்கை பிரிவில் முதலிடம் பிடித்து, கடைசியில் மார்ச் 17 அன்று லாகூரில் அதே ஆஸ்திரேலியாவை 7 விக்கெட் வித்தியாசத்தில் அடித்துக் கோப்பையையும் வாங்கியது. அரவிந்த டி சில்வா அன்று ஆடிய ஆட்டம்! 107 ரன், அவுட் ஆகவில்லை, கூடவே 3 விக்கெட். புள்ளி ஓசியில் வந்தது என்று யாரும் சொல்ல முடியாதபடி ஆடினார்கள்.

சேர்ந்து நடத்துவதால் ஒரு நன்மையும் இருக்கிறது என்பதை உங்கள் முதல் நண்பருக்குச் சொல்லுங்கள். இலங்கை மட்டும் தனியாக நடத்தியிருந்தால் அந்தக் குண்டோடு மொத்தப் போட்டியும் போயிருக்கும். கூட்டாளிகள் இருந்ததால் போட்டி நிற்காமல் நடந்தது, அதோடு பிப்ரவரி 13-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாகக் கொழும்புக்குப் போய் பிரேமதாச மைதானத்தில் ஆடினார்கள். அசாருதீன் கேப்டன். களுவிதாரண அவுட் ஆனது எப்படி என்று பாருங்கள், பந்து போட்டது வாசிம் அக்ரம், கேட்ச் பிடித்தது டெண்டுல்கர். அந்த வரி ஸ்கோர் கார்டில் இருப்பதை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு மனது நிறைந்துவிடும்.

---

வெள்ளவத்தை வாசகன்:

மேலே எழுதியவர் சொன்ன விடயங்கள் எல்லாம் சரி. அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்தவன் என்ற முறையில் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரி உரையாடல்களில் அது வருவதே இல்லை.

ஆஸ்திரேலியா வருமா வராதா என்று உலகம் முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்த அதே கிழமைகளில் கொழும்பில் தமிழ்ச் சனத்துக்கு வீட்டை விட்டு வெளியே போவதே பெரிய பாடாக இருந்தது. 1995 கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து, சிலர் எப்படியோ கொழும்பு வந்து லொட்ஜ்களில் தங்கியிருந்தார்கள். மத்திய வங்கிக் குண்டுக்குப் பிறகு சுற்றிவளைப்பு, பொலிஸ் பதிவு, சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கு என்று இருந்தால் நிற்க வைத்து விசாரிப்பார்கள், சில பேரை ஏற்றிக்கொண்டு போவார்கள், எப்போது விடுவார்கள் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இதெல்லாம் கிரிக்கட்டுக்காகச் செய்தது என்று நான் சொல்லவில்லை, அது யுத்த காலம், குண்டு உண்மையாகவே வெடித்தது, செத்தவர்கள் வேலைக்கு வந்த சாதாரண மனிதர்கள். ஆனால் வெளிநாட்டு அணிகளுக்கு "நகரம் பாதுகாப்பாக இருக்கிறது" என்று ஒரு அரசு நிரூபிக்க வேண்டி வரும்போது அந்த நிரூபணத்தின் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்று பாருங்கள். வீரர்களுக்கு ஓட்டல் வாசலில் காவல். எங்களுக்கு விடிய விடியக் கதவு தட்டல்.

ஆகவே பொறுப்பு யாருடையது என்று கேட்கும்போது, மைதானத்துக்குள்ளே இருப்பவர்களை மட்டும் எண்ணாதீர்கள். கூட்டாக நடத்தும்போது இன்னும் ஒரு சிக்கல் சேர்கிறது. மற்ற நாடுகளில் எல்லாம் சுமுகமாக நடக்கிறது, நாங்கள் மட்டும் பின்னிற்கக் கூடாது என்ற போட்டி வந்து, கெடுபிடி இன்னும் கூடும்.

அணி வென்ற இரவு நாங்களும் சந்தோசப்பட்டோம், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த அணியில் முரளியும் இருந்தார். ஜிம்பாப்வேயும் கென்யாவும் வந்து ஆடியதை நான் மறக்க மாட்டேன், பெரிய அணிகள் செய்யாததை அவர்கள் செய்தார்கள்.

---

பந்தோபஸ்து பாண்டியன்:

தம்பி, நான் சென்னையில் காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சேப்பாக்கம் பந்தோபஸ்து எனக்குப் பழக்கம். 1996 மார்ச் 11-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கால் இறுதி இங்கேதான் நடந்தது. கொழும்புக்குப் போகாத அணி இங்கே வந்து ஆடிவிட்டுப் போனது.

வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் மைதானத்தைத்தான் பார்க்கிறார்கள். எங்களுக்கு மைதானம் இருப்பதிலேயே சுலபமான இடம். சுற்றுச்சுவர் இருக்கிறது, கேட் இருக்கிறது, டிக்கெட் இல்லாமல் யாரும் வர முடியாது, மோப்ப நாயை விட்டு ஒவ்வொரு ஸ்டாண்டாக அலசிவிடலாம். வயிற்றைக் கலக்குவது ஓட்டலுக்கும் மைதானத்துக்கும் நடுவில் இருக்கிற ரோடு. அதே பஸ், அதே நேரம், அதே வழி, ஐந்து நாள் டெஸ்ட் என்றால் ஐந்து நாளும். அதனால்தான் ரூட் பந்தோபஸ்து போடும்போது மாற்று வழி ஒன்று கட்டாயம் வைத்திருப்போம், எந்த வழியில் போகிறது என்பது கிளம்புகிற நேரத்தில்தான் தெரிய வேண்டும்.

2009 மார்ச் 3 லாகூர் அப்படித்தான் நடந்தது. லிபர்ட்டி ரவுண்டானாவில் 12 பேர் காத்திருந்து இலங்கை அணி பஸ் மீது சுட்டார்கள். 6 காவலர்கள், பொதுமக்கள் 2 பேர் இறந்தார்கள். டிரைவர் பஸ்ஸை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போய் மைதானத்துக்குள் நுழைந்ததால் வீரர்கள் பிழைத்தார்கள். பின்னால் வந்த நடுவர்கள் வேன் தனியாக மாட்டிக்கொண்டது, நடுவர் அஹ்சன் ராசாவுக்கு பலத்த காயம், மேட்ச் ரெஃபரி கிறிஸ் பிராட் தங்களைக் காக்க யாருமே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். இதில் எனக்குப் பொறுக்க முடியாதது, மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்திய அணி போக மறுத்த இடத்துக்குத்தான் இலங்கை பெருந்தன்மையாகப் போனது. 1996-ல் தனக்காக வந்து நின்ற பாகிஸ்தானுக்குத் துணை நிற்கப் போய் அடி வாங்கியது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். 2011 உலகக் கோப்பையை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசம் நான்கும் நடத்துவதாக இருந்தது. லாகூர் சம்பவத்துக்குப் பிறகு ஐசிசி பாகிஸ்தானை நீக்கி, அங்கே நடக்க வேண்டிய 14 ஆட்டங்களை மற்ற மூன்று நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தது, லாகூரில் இருந்த போட்டி அலுவலகம் மும்பைக்கு வந்தது. ஆட்டத்தை மாற்றுவது பேப்பரில் சுலபம். அதை வாங்கிக்கொள்ளும் ஊரில் காவலர் எண்ணிக்கை கூடுவதில்லை.

அந்த 2011-லேயே டாக்காவில் வங்கதேசம் 58 ரன்னில் சுருண்டது. கோபத்தில் இருந்த கூட்டம் தங்கள் அணி பஸ் என்று நினைத்து வெஸ்ட் இண்டீஸ் பஸ் மீது கல் எறிந்தது. தீவிரவாதி வேண்டாம், தோற்ற வருத்தத்தில் இருக்கிற ரசிகன் போதும், பஸ் கண்ணாடி உடைவதற்கு.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். 2023-ல் கிரிக்கெட் உலகக் கோப்பையை இந்தியா தனியாக நடத்தியபோதுகூட ஹைதராபாத்தில் பாகிஸ்தான், நியூசிலாந்து பயிற்சி ஆட்டம் ரசிகர்களே இல்லாமல் நடந்தது. விநாயகர் ஊர்வலமும் மிலாது நபியும் சேர்ந்து வந்ததால் ஆள் தர முடியாது என்று உள்ளூர் போலீஸ் சொல்லிவிட்டது. டெல்லியில் அமைச்சர் என்ன உறுதி கொடுத்தாலும் அந்த ஊர் கமிஷனரிடம் ஆள் இருந்தால்தான் ஆட்டம். மூன்று நாடு என்று எண்ணாதீர்கள், 16 ஊர், 16 போலீஸ் தலைமை என்று எண்ணுங்கள்.

---

ஆஃப்சைடு அருள்:

பாண்டியன் ஐயா எழுதியதற்கு நன்றி, நடுவர்கள் வேன் விஷயம் பலருக்குத் தெரியாது.

கால்பந்தில் பிரச்சினையே வேறு மாதிரி. இங்கே வீரர்களை விட ரசிகர்களைத்தான் போலீஸ் பயப்படும். 2000 ஐரோப்பியக் கோப்பையை பெல்ஜியமும் நெதர்லாந்தும் சேர்ந்து நடத்தின, ஐரோப்பியக் கோப்பையை இரண்டு நாடு சேர்ந்து நடத்தியது அதுதான் முதல் தடவை. ஜூன் 17 அன்று இங்கிலாந்து, ஜெர்மனி ஆட்டம் சார்லெராய் என்ற சின்ன ஊரில். இங்கிலாந்து ரசிகர்கள் ஊர் நடுவில் இருக்கிற சதுக்கத்தில் நாற்காலிகளை வீசி அடித்துக்கொண்டார்கள், போலீஸ் தண்ணீர் பீய்ச்சிக் கலைத்தது, நூற்றுக்கணக்கில் கைது. இங்கிலாந்தைப் போட்டியை விட்டே வெளியேற்றுவோம் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா எச்சரித்தது. இவ்வளவும் ஆன பிறகுதான் பிரிட்டனில் அவசரமாகச் சட்டம் கொண்டு வந்து, ரகளைக்காரர்கள் என்று தெரிந்தவர்களின் பாஸ்போர்ட்டைப் போட்டி நாட்களில் வாங்கி வைக்க வழி செய்தார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, நடத்துகிற நாடுகள் எவ்வளவு பிடித்தாலும் கிளம்புகிற ஊரில் தடுக்காவிட்டால் பிரயோஜனம் இல்லை என்பது. நடத்துவது இரண்டு நாடு, ஆனால் பெயர்ப் பட்டியல் இருப்பது மூன்றாவது நாட்டிடம். அவர்கள் கொடுத்தால்தான் எல்லையில் நிறுத்த முடியும். ஐரோப்பாவில் பாஸ்போர்ட் காட்டாமல் நாடு விட்டு நாடு போகலாம் என்பதால் இது இன்னும் கடினம். அதனால்தான் 2008-ல் ஆஸ்திரியாவும் 2012-ல் போலந்தும் போட்டி நடக்கும் வாரங்களுக்கு மட்டும் எல்லைச் சோதனையைத் திரும்பக் கொண்டு வந்தன.

2002 உலகக் கோப்பையை ஜப்பானும் தென்கொரியாவும் நடத்தியது இன்னொரு விதம். நடுவில் கடல், ஆளுக்கு 10 மைதானம், ரசிகன் விமானத்தில்தான் போக வேண்டும், அதனால் வடிகட்டுவது சுலபம். ரகளைக்காரர்களைத் திருப்பி அனுப்ப வசதியாக ஜப்பான் குடிவரவுச் சட்டத்தையே முன்கூட்டித் திருத்தியது. அப்படி எல்லாம் ஒழுங்காகப் போய், இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், ஜூன் 29, தென்கொரியாவுக்கும் வடகொரியாவுக்கும் மஞ்சள் கடலில் சண்டை. தென்கொரியக் கடற்படையினர் 6 பேர் இறந்தார்கள். அன்று மாலை டேகுவில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் திட்டமிட்டபடி நடந்தது, மறுநாள் தென்கொரிய அதிபர் கிம் டே ஜங் இறுதி ஆட்டம் பார்க்க யோகோஹாமா போனார். நாட்டில் பிணம் கிடக்கும்போது போவதா என்று அவரைத் திட்டினார்கள். போகாமல் இருந்திருந்தால் உலகத்துக்கு என்ன செய்தி போயிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். நான் அவர் இடத்தில் இருந்தால் போயிருப்பேனா என்று எனக்கு இன்னும் முடிவு கட்ட முடியவில்லை.

---

கோவை கூக்ளி:

மூன்றாவது கேள்விக்கு நான் வருகிறேன். வர மறுத்தால் நஷ்டம் மறுத்தவனுக்குத்தான், பெரும்பாலும். 2003-ல் தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, கென்யா மூன்றிலும் கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்தது. இங்கிலாந்து ஹராரே போகவில்லை, புள்ளிகள் ஜிம்பாப்வேக்குப் போயின, இங்கிலாந்து முதல் சுற்றிலேயே வெளியேறியது. நியூசிலாந்து நைரோபி போகவில்லை, அந்தப் புள்ளிகள் கென்யாவுக்கு. கென்யா அரையிறுதி வரை போனதில் அதற்கும் பங்கு உண்டு, இலங்கையை அவர்கள் நேர்மையாகத் தோற்கடித்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் இந்த இரண்டு மறுப்பும் ஒன்று கிடையாது. நியூசிலாந்துக்காரர்களின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 1987-ல் அவர்கள் கொழும்பில் இருக்கும்போது புறக்கோட்டை பஸ் நிலையத்தில் குண்டு. 1992-ல் அவர்கள் தங்கியிருந்த ஓட்டலுக்கு வெளியிலேயே இலங்கைக் கடற்படைத் தளபதியைத் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொன்றார்கள். 2002 மே மாதம் கராச்சியில் அவர்கள் ஓட்டலுக்கு எதிரே குண்டு. அதே வருடம் நவம்பரில் கென்யாவின் மொம்பாசாவில் ஓட்டல் தாக்கப்பட்டது. இதற்குப் பிறகும் நைரோபி வா என்று எந்த முகத்தோடு கூப்பிடுவது?

இங்கிலாந்தின் விஷயம் அப்படியில்லை. ஜிம்பாப்வே அதிபர் முகாபேயின் ஆட்சிக்குக் கை கொடுக்கக் கூடாது என்பதுதான் அங்கே பல மாதமாக நடந்த பேச்சு. ஆனால் ஐசிசி அப்போது ஏற்ற காரணம் பாதுகாப்பு ஒன்றுதான், மனசாட்சிக்கு விதிமுறையில் இடம் இருக்கவில்லை. அதனால் மிரட்டல் கடிதம் வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு பாதுகாப்பு என்று வாதாடினார்கள். அதே ஹராரேயில் ஜிம்பாப்வே வீரர்கள் ஆண்டி ஃபிளவரும் ஹென்றி ஒலொங்காவும் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு இறங்கி, ஜனநாயகம் செத்துவிட்டது என்று அறிக்கை விட்டார்கள். உயிருக்கு ஆபத்தை உண்மையாகவே ஏற்றவர்கள் அவர்கள் இருவரும்தான். பாதுகாப்பு என்ற ஒரே கதவைத் திறந்து வைத்தால் எல்லா வழக்கும் அந்தக் கதவு வழியாகத்தான் வரும், அப்புறம் எது நிஜமான பயம், எது அரசியல் என்று யாராலும் பிரிக்க முடியாது. இந்தியா, பாகிஸ்தான் விவகாரத்தில் வருடக்கணக்காக நாம் பார்ப்பதும் இதுதானே. 2025 சாம்பியன்ஸ் கோப்பை பாகிஸ்தானில், இந்தியாவின் ஆட்டங்கள் மட்டும் துபாயில், இறுதி ஆட்டம் உட்பட.

---

வியாசர்பாடி விங்கர்:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளவத்தை அண்ணா எழுதியதைக் குழுவில் அப்படியே போட்டேன், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இன்னும் ஒரே சந்தேகம். 2026-க்குப் போகிற ரசிகனுக்கு மூன்று நாடு என்பதால் நடைமுறையில் என்ன வித்தியாசம்? என் சித்தப்பா மகன் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான்.

---

ஆஃப்சைடு அருள்:

முதலில் எந்த நாட்டில் எத்தனை ஆட்டம் என்று பாருங்கள். 104-ல் 78 அமெரிக்காவில், கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் தலா 13. பெயருக்கு மூன்று நாடு, ஆனால் கால் இறுதியில் இருந்து எல்லாமே அமெரிக்காவில். அதனால் அமெரிக்கா யாரை உள்ளே விடுகிறது என்பதுதான் பெரும்பாலும் கேலரியில் யார் உட்காருவார்கள் என்பதைத் தீர்மானிக்கும். 2025 ஜூனில் அமெரிக்கா 12 நாட்டுக்காரர்களுக்கு நுழைவுத் தடை போட்டது. பாதுகாப்புதான் அவர்கள் சொன்ன காரணம். அதில் ஈரானும் ஹைட்டியும் உண்டு, இரண்டும் இந்த உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற அணிகள். வீரர்கள், பயிற்சியாளர்கள், அவர்களின் நெருங்கிய உறவினர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். ரசிகனுக்கு இல்லை. ஹைட்டி 1974-க்குப் பிறகு இப்போதுதான் உலகக் கோப்பைக்கு வருகிறது, அதைப் பார்க்க அந்த நாட்டு ஆள் போக முடியாது என்பது எனக்குக் கொடுமையாக இருக்கிறது. கூட்டாக நடத்தும் மற்ற இரண்டு நாடுகளால் இதில் ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் சித்தப்பா மகனுக்கு இந்திய பாஸ்போர்ட் என்றால், மூன்று நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா என்று எதுவும் இல்லை, ஆட்ட டிக்கெட் இருந்தால் விசா கிடைத்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. கனடாவுக்குத் தனியாக வாங்க வேண்டும். வான்கூவரும் சியாட்டிலும் வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதே என்று இரண்டுக்கும் டிக்கெட் போட்டுவிடாமல், முதலில் அமெரிக்க விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.